ஒன்பது மணித் தாழ்ப்பாள்

"உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் சொல்லல?"

என்னிடம் ஒருத்தி இப்படிக் கேட்டாள். வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பது மணி இருபத்திரண்டு நிமிடம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தப் பக்கம். என் காதுக்கு நேராகச் சாவித் துவாரம் இருந்தது. குரல் அதன் வழியாக வந்தது.

நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இது உண்மையாக நடந்தது. கட்டிவிட்ட கதை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றைக்கு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டுகள் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன, யாருக்கும் தெரியாது. அதில் உள்ளபடியே சொல்கிறேன். நேரம் உட்பட.

என் சித்தி ஒரு பெண்கள் விடுதி நடத்துகிறாள். பன்னிரண்டு அறைகள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. காற்றுதான் வரும். வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், திரும்பிப் போகவில்லை. சித்தி என்னை விடுதிக்குக் கூட்டிவந்தாள். கூட்டுவது, துடைப்பது, குளியலறை கழுவுவது, அறை எண் எழுதிய பக்கெட்டுகளை வரிசையாகக் கவிழ்த்து வைப்பது, இதுதான் என் வேலை.

கீழ்த்தளத்தில், நடையின் கடைசியில் டிவி அறை. பச்சைக் கதவு. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அங்கே காட்டேரித் தொடர் பார்ப்பார்கள். வேறு மொழியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது. ஒரு டாக்டர். முந்நூறு வயதுக் காட்டேரி. சாயங்காலத்துக்கு மேல்தான் வைத்தியம் பார்ப்பார். அவர்மேல் ஆசை வைத்த ஒரு டீச்சர். டீச்சருக்கு நிச்சயம் செய்த ஒரு மாப்பிள்ளை.

விளம்பரம் போட்டால் போதும், அறை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

"முந்நூறு வருஷமா ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகலன்னா கோளாறு எங்கயோ இருக்குடி," என்பாள் செருப்புக்கடை அக்கா. அவள் மாப்பிள்ளை கட்சி.

"டாக்டர் குடிக்கிறது ரத்தம். உன் மாப்பிள்ளை குடிக்கிறது சாராயம். எது மேல்?" என்பாள் லேப் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் டாக்டர் கட்சி.

"நீ ஏன் சொல்ல மாட்ட? ரெண்டு பேரும் ஒரே தொழில்."

கடைசித் தீர்ப்பு எப்போதும் டைப்பிஸ்ட் அக்காவுடையது. நடுவில் இருக்கும் கைவைத்த நாற்காலி அவளுடையது. கணீரென்ற குரல். அவள் சிரித்தால்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அவள்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். தொடரில், வீட்டு ஆள் வாய்திறந்து கூப்பிடாமல் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது. அதே சட்டம் டிவி அறைக்கும். ஒன்பது அடித்ததும் தாழ்ப்பாள் போட வேண்டும். பிந்தி வருகிறவள் மூன்று தட்டு தட்டி, "கூப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருந்து யாராவது "உள்ள வா" என்றால்தான் கதவு திறக்கும்.

தாழ்ப்பாள் போடும் வேலை எனக்கு. அதனால் என் பெயரே தாழ்ப்பா ஆகிவிட்டது. கதவை ஒட்டித் தரையில் உட்காருவேன். எனக்கு அது பெரிய விஷயம். அதற்கு முன்னால் எந்த அறையிலும் எனக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை.

எப்போதும் பிந்தி வருகிறவள் ஒருத்திதான். ஏழாம் அறைக்காரி. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறை. ஒல்லி, மெல்லிய குரல், அதனால் கொசு என்று கூப்பிட்டார்கள். எங்கோ ஸ்டுடியோவில் வேலை, எட்டரைக்கு முடியும், ஒன்பது ஐந்துக்குத்தான் வந்து சேர முடியும். மூன்று தட்டு. "கூப்பிடுங்க." எல்லோரும் சேர்ந்து ராகமாக "உள்ள வா" என்பார்கள். அவள் முகமெல்லாம் சிரிப்போடு நுழைவாள். அந்த வாரம் முழுக்க அவள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று தோன்றும்.

தொடரில் இன்னொரு பெண்ணும் உண்டு. டாக்டர் எப்போதோ கடித்துவிட்டு மறந்துபோன வேலைக்காரி. வாரா வாரம் தன் சொந்த அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "அக்கா... வெளிய குளிருது. ஒரே ஒரு தடவ கூப்பிடேன்." அவ்வளவுதான் அவள் வசனம். அக்கா கூப்பிட மாட்டாள். இவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வாசல்காரி.

கொசு வாசல்காரி கட்சி. அந்தக் கட்சியில் அவள் மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குக் குளியலறை கழுவப் போனேன். கடைசி அறையிலிருந்து குரல் கேட்டது. "அக்கா... வெளிய குளிருது..." அப்படியே வாசல்காரி. 'குளிருது'வுக்கு முன்னால் மூச்சு ஒரு நூல்போல அறுபடும், அதுவும் அப்படியே. கதவு திறந்தது. கையில் ஒரு தாளோடு கொசு நின்றாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

"ஆள் இருந்தா எனக்குப் பேச வராது. மைக் முன்னாடி தனியா நின்னாதான் வரும். உனக்குப் புரியும்ல?"

எனக்குப் புரிந்தது. என்னைவிட யாருக்குப் புரியும்?

அதற்கு மறுநாள்தான் எல்லாம் கெட்டது. தொடர் முடிந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அக்கா சொன்னாள்: "அந்த வாசல்காரிய முதல்ல கொல்லணும். வாராவாரம் வந்து ஒப்பாரி. டாக்டருக்கே அவ ஞாபகம் இல்ல."

கொசு மெதுவாக, "இருக்குக்கா. அவர் ஜன்னல மூடவே மாட்டார் பாருங்க. அவளுக்காகத்தான்," என்றாள்.

"உனக்கு ஏன்டி அவமேல இவ்ளோ பாசம்? சொந்தமா?"

"அது... என் குரல்தான்கா."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. லேப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டைப்பிஸ்ட் அக்கா டிவியை அணைத்தாள்.

"எந்திரி. பேசிக் காட்டு."

கொசு எழுந்து நின்றாள். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது. அதே காற்று.

"நெஜக் கொசுகூட இதவிடச் சத்தமாப் பாடும்," என்றாள் செருப்புக்கடை அக்கா.

கொசு என்னைக் காட்டினாள். "இவளுக்குத் தெரியும். இவ கேட்டிருக்கா."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. டைப்பிஸ்ட் அக்கா குனிந்து கேட்டாள்: "அப்படியா தாழ்ப்பா? நீ கேட்டியா?"

அவள் கண்ணில் ஒன்று இருந்தது. சரியான பதிலைச் சொன்னால் இந்த இடம் உனக்கு, இல்லையென்றால் இல்லை.

"தெரியாதுக்கா," என்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வராத குரல் அன்று தெளிவாக வந்தது.

டைப்பிஸ்ட் அக்கா தீர்ப்பு சொன்னாள். "பொய் சொன்னதுக்குத் தண்டனை. இனிமே இவள யாரும் 'உள்ள வா'ன்னு கூப்பிடக் கூடாது. ஒன்பதுக்குள்ள வந்தா பார்க்கலாம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாசல்காரி மாதிரி வெளியவே நிக்கட்டும். அந்தக் குரல்ல கெஞ்சட்டும். அப்ப நம்புறேன்."

கொசு சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "ஒன்பதுக்குள்ள வந்துடுவேன்கா," என்றாள்.

அடுத்த வெள்ளி. ஒன்பது அடித்தது. அவள் வரவில்லை. தாழ்ப்பாள் போட்டேன்.

ஒன்பது ஐந்து.

டக். டக். டக்.

"கூப்பிடுங்க."

லேப் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டைப்பிஸ்ட் அக்கா விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

டக். டக். டக். "கூப்பிடுங்க..."

"கெஞ்சுறது பத்தல," என்று டைப்பிஸ்ட் அக்கா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

பதினைந்து தடவை தட்டு கேட்டது. எண்ணினேன். ஒன்பது நாற்பதுக்கு நின்றது. தொடர் முடிந்து கதவைத் திறந்தபோது நடையில் யாரும் இல்லை. அறைக்குப் போய் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. நடை விளக்கு எரிந்தால் கதவடியில் வெளிச்சக் கோடு தெரியும். ஆள் நின்றால் அதில் இரண்டு கால் நிழல் விழும். அன்று முழுக்க அந்தக் கோடு அறுபடவே இல்லை. கோணம் மாறி நின்றிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஏழாம் நம்பர் பக்கெட் காய்ந்து கிடந்தது. ஞாயிறும். திங்களும். "ஏழாம் ரூம் அக்கா எங்க சித்தி?" என்று கேட்டேன். "ஷிப்டு மாறியிருக்கு. உன் வேலையப் பாரு," என்றாள் சித்தி. வேறு யாரும் கேட்கவில்லை. ஏழு நாள்... ஒருத்திகூடக் கேட்கவில்லை.

இரண்டாவது வெள்ளி. இந்தத் தடவை நான் முன்கூட்டியே போய் வாசலில் செருப்புத் தட்டைப் பார்த்தேன். அவள் செருப்பு இல்லை. அன்று வெளிக் கதவை எட்டரைக்கே பூட்டியாகிவிட்டது, சாவி சித்தியிடம். இன்று அவள் வர முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது ஐந்து.

டக். டக். டக்.

தட்டு முன்பு கதவின் நடுவில் கேட்டது. இன்று கீழே. என் தலை உயரத்தில்.

"கூப்பிடுங்க."

"நல்லா முன்னேறிட்டாடி," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "வாசல்காரி மாதிரியேதான் இருக்கு."

உண்மைதான். மூச்சு நூல்போல அறுபட்டது. ஆள் இருந்தால் வராத குரல் இப்போது தங்கு தடையில்லாமல் வந்தது.

கதவடியில் வெளிச்சக் கோடு முழுதாக இருந்தது.

ஒன்பது இருபத்திரண்டு. சாவித் துவாரத்தில் குளிர்ந்த காற்று. என் காதில் மட்டும்.

"உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் சொல்லல?"

கையைத் தூக்கினால் தாழ்ப்பாள். வாயைத் திறந்தால் இரண்டு சொல். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அக்காமார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். என் இடம் போய்விடக் கூடாது என்பதுதான் அப்போதும் என் கவலை.

மூன்றாவது வெள்ளி. அன்று பெரிய திருப்பம் வரும் என்று வாரம் முழுக்க விளம்பரம் போட்டிருந்தார்கள். வாசல்காரியின் அக்கா இன்று கூப்பிடுவாளா, மாட்டாளா? அறையில் பந்தயமே நடந்தது.

ஒன்பது ஐந்துக்குத் தட்டு கேட்கவில்லை.

"சலிச்சுப் போயிட்டா," என்றாள் செருப்புக்கடை அக்கா.

ஒன்பது முப்பத்தொன்று. திரையில் வாசல்காரி படியில் நிற்கிறாள். அவள் அக்கா விளக்கோடு கதவை நோக்கி வருகிறாள்...

மின்சாரம் போனது.

"ச்சே," என்றாள் லேப் அக்கா.

இருட்டு. டிவி செத்துவிட்டது. மின்விசிறி சுற்றி நிற்கும் சத்தம் மட்டும்.

பிறகு... காட்சி தொடர்ந்தது.

டிவியில் இல்லை. நடையில்.

"அக்கா... வெளிய குளிருது. ஒரே ஒரு தடவ கூப்பிடேன்."

இருட்டில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"எத்தன வாரமா நிக்கிறேன். உள்ள நீங்க சிரிக்கிறது கேக்குது."

இந்த வசனம் தொடரில் கிடையாது.

"போதும்டி," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. கணீர்க் குரலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை மறைக்கத்தான் அவள் எழுந்தாள் என்று நினைக்கிறேன். "தாழ்ப்பா, கதவத் திற. இவ முகத்தப் பார்க்கணும்."

திறந்தேன்.

லேப் அக்கா கைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

நடை காலி.

இந்த முனை முதல் அந்த முனை வரை... காலி.

"கூப்பிடுங்க."

நிலைப்படிக்கு அந்தப் பக்கம். ஒரு சாண் தூரத்தில்.

லேப் அக்கா அழ ஆரம்பித்தாள். டைப்பிஸ்ட் அக்கா மட்டும் சிரித்தாள். பயந்ததை ஒத்துக்கொள்ள அவளால் முடியாது.

"எங்க ஸ்பீக்கர ஒளிச்சு வச்சிருக்க? வாடி. உள்ள வா. வந்து என்ன கிழிக்கிறன்னு பார்க்கலாம்."

என் முழங்காலை உரசிக்கொண்டு ஏதோ போனது.

ஈரமாக இருந்தது.

கதவு மூடிக்கொண்டது. நான் தொடவில்லை.

தாழ்ப்பாள் விழுந்தது. நான் தொடவில்லை.

ஒன்பது நாற்பத்து நான்கு. மின்சாரம் வந்தது.

திரையில் கடைசிக் காட்சி. வாசல்காரி படியைத் தாண்டி வீட்டுக்குள் கால் வைக்கிறாள். அவள் உதடு அசைகிறது.

டிவியில் சத்தம் இல்லை.

டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தன் கழுத்தில்.

அவள் வாய் திறந்தது.

"வந்துட்டேன்."

மெல்லிய குரல். கொசுவின் குரல்.

அதற்குப் பிறகு டைப்பிஸ்ட் அக்கா வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. லேப் அக்கா கெஞ்சிய பிறகு ஒரே ஒரு தடவை தொண்டையைக் காட்டினாள். "நல்லாத்தான்டி இருக்கு, சிவப்புகூட இல்ல. ஒரு 'ஆ' சொல்லு," என்றாள் லேப் அக்கா. டைப்பிஸ்ட் அக்கா அவளைத் தள்ளிவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அப்படியேதான் தூங்கினாள்.

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு நான் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வயதிருக்கும் ஓர் ஆள் வந்து நின்றார். மழிக்காத முகம்.

"ஏழாம் நம்பர் ரூம் எதும்மா? அவளோட அண்ணன். பெட்டிய எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

"அவங்க... ஷிப்டுக்குப் போயிருப்பாங்க," என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "வார்டன் சொல்லலயா? அடுத்த நாளே போன் பண்ணிச் சொன்னேனே."

சித்தி பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்திலேயே தெரிந்தது. "சொன்னா மத்ததுங்களும் பெட்டியக் கட்டிரும்னுதான்..." என்று முணுமுணுத்தாள்.

பதினாறு நாளைக்கு முன்னால் என்றார் அவர். முதல் வெள்ளிக்கிழமை. ஸ்டுடியோவில் அவளுக்கு ஒரே ஒரு வசனம் பாக்கி இருந்ததாம். திங்களன்று பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சிவிட்டு, தாளைக் கையில் பிடித்தபடியே எட்டேகாலுக்குக் கிளம்பினாளாம். ஒன்பதுக்குள்ள போகணும், இல்லன்னா உள்ள விட மாட்டாங்க என்றாளாம். பஸ் நிற்பதற்குள் குதித்து ரோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறாள். எதிரே தண்ணீர் லாரி.

"எட்டு அம்பதுக்கு. அந்த இடத்துலயே," என்றார்.

எட்டு ஐம்பது.

அப்படியானால் அந்த முதல் தட்டு... ஒன்பது ஐந்து.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நீரில் ஊறிக் காய்ந்த தாள். "இதுதான் கையில இருந்துச்சு. என்னன்னு தெரியல."

ஒரே ஒரு வரி. அவள் கையெழுத்து. *வாசல்காரி, வீட்டுக்குள் வந்து: வந்துட்டேன்.*

அப்போது டைப்பிஸ்ட் அக்கா மாடிப்படியில் இறங்கி வந்தாள். ஒரு கையில் டைப்ரைட்டர் பெட்டி, தோளில் பை. வாயில் கட்டிய துண்டு கழுத்துக்கு நழுவியிருந்தது. அவர் அவளையும் அந்தப் பெட்டியையும் பார்த்தார்.

"நீங்கதான் டைப்பிஸ்ட் அக்காவா?"

அவள் நின்றாள்.

"போன் பண்ணினா உங்களப் பத்தித்தான் பேசுவா. வெள்ளிக்கிழம நீங்க எல்லாரும் சேர்ந்து அவள உள்ள கூப்பிடுவீங்களாமே. அத சொல்லிச் சொல்லிச் சிரிப்பா." அவர் குரல் உடைந்தது. "கடைசி வாரம் மட்டும் போன் பண்ணல. இங்க சந்தோஷமா இருந்தாளாக்கா? ஒரு வார்த்த சொல்லுங்க போதும்."

டைப்பிஸ்ட் அக்காவின் உதடு துடித்தது. உள்ளே ஏதோ வெளியே வர முட்டுவதுபோல் தொண்டை ஏறி இறங்கியது. மூச்சு நூல்போல அறுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று தலையை நிமிர்த்தி, தங்கையைக் கூப்பிடுவதுபோல், "பாப்பா?" என்றார்.

அவள் பெட்டியைக் கீழே போட்டாள். இரண்டு கைகளாலும் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். நகம் கன்னத்தில் பதிந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு, நான் துடைத்த ஈரத் தரையில் கால் வழுக்க, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.